மூன்று நாள் விருந்தினரும் நகர் காண் திட்டமும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் வந்து சேரும் இனிய பொறுப்பு ஒன்று உண்டு. ஊரிலிருந்து பெற்றோரோ, மாமனார் மாமியாரோ, அத்தை குடும்பத்தாரோ புறப்பட்டு வருகின்றனர். "மூன்று நாள் இருப்போம், ஊரையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகின்றனர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை நம்மவர் மறப்பதில்லை.

வீட்டார் மகிழ்ச்சியோடு விடுப்பு எடுக்கின்றனர். காணத்தக்க இடங்களின் பட்டியல் ஒன்றும் தயாராகிறது. ஆனால் மூன்றாம் நாள் இரவு பல வீடுகளில் நிகழ்வது என்ன? பெரியவருக்குக் கால் வீங்கியிருக்கிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லை. மாதக் கடைசி வரை இருக்க வேண்டிய பணம் கரைந்துவிட்டது. பட்டியலில் பாதி இடங்களைக் காணவும் இல்லை. அன்பு நிறைந்திருந்தும் இவ்வாறு நேர்வது, காட்சிகளை முதலில் எழுதி, உணவையும் ஓய்வையும் அவற்றின் இடையே கிடைத்த இடத்தில் செருகுவதனால்தான். இம்முறையைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. உண்ணும் வேளையும் இளைப்பாறும் வேளையும் முதலில் குறிக்கப்பட வேண்டும். காட்சிகள் அவற்றைச் சுற்றி அமைய வேண்டும்.

பெங்களூரில் உள்ள அடுகோடியை உதாரணமாகக் கொள்வோம். இது ஓசூர்ச் சாலையை ஒட்டிய பகுதி. சேலம், கிருஷ்ணகிரி வழியாக வரும் பேருந்திலிருந்து மடிவாளாவில் இறங்குவோர்க்கு மிக அணித்தானது. பழையவர்கள் "மைக்கோ" என்றே இன்றும் வழங்கும் பெரிய வளாகம் இங்கே உள்ளது. லால்பாக் தோட்டம் இங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோமீட்டர். பன்னேர்கட்டாச் சாலை தொடங்கும் டெய்ரி சர்க்கிளும் அருகிலேயே உள்ளது. ஆகவே அடுகோடிவாசிக்கு நகரம் காட்டுதல் கடினமன்று. கடினமெல்லாம் தேர்ந்தெடுப்பதில்தான்.

திட்டமிடுமுன் அறிய வேண்டியது விடுமுறை நாள். பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலை செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் காட்சிசாலை, மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. ஐரோப்பிய நகரங்களைக் காணச் செல்வோர் இதை முதலில் குறித்துக்கொண்டே பயணச் சீட்டு வாங்குவர். நம் நகரத்திலும் அதே நிலைதான். பன்னேர்கட்டா விலங்கியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்துக்கும் அரசாங்கக் காட்சிசாலைக்கும் திங்கள் விடுமுறை. உணவு விடுதிகளுக்கும் இவ்வழக்கம் உண்டு: லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் திங்களன்றும், காந்தி பஜாரிலுள்ள வித்யார்த்தி பவன் வெள்ளியன்றும் மூடப்படும் வழக்கமுடையவை. பெரியவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்று பூட்டிய கதவைக் காட்டுவதைக் காட்டிலும், முன்னாளே தொலைபேசியில் ஒரு வார்த்தை விசாரிப்பது நன்று.

இரண்டாவது விதி: ஒரு நாளுக்கு ஒரு திசை. காலையில் ஒரு காட்சி, மாலையில் ஒரு காட்சி, இடையே நிம்மதியான உணவும் இரண்டு மணி நேர ஓய்வும் போதும். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடையே அன்றைய திட்டத்தின் அளவுகோல்.

முதல் நாள் தெற்குத் திசைக்கு உரியதாகட்டும். காலை வெயில் ஏறுமுன் லால்பாக் சேர்தல் நலம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது; இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்புடையது. இங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லண்டனில் இருந்த கிரிஸ்டல் பாலஸ் என்னும் மாளிகையை ஒட்டிய அமைப்பு அது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நிகழும் மலர்க்காட்சிகள் புகழ்பெற்றவை. அந்நாட்களில் கூட்டமும் அதற்கேற்ப மிகுதி. மூப்படைந்தோரை அழைத்து வருவோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம். தோட்டத்தினுள் உள்ள பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதன்மேல், கெம்பே கௌடர் மரபினரோடு தொடர்புடைய நான்கு கோபுரங்களுள் ஒன்று நிற்கிறது. தோட்டம் முழுவதையும் நடந்து காண முயலுதல் வேண்டா. பாறை, கண்ணாடி மாளிகை, ஏரிக்கரை என்னும் மூன்றில் இரண்டைக் கண்டாலே காலைப்பொழுது நிறைந்துவிடும்.

தோட்டத்துக்கு அணித்தே 1924-இல் தொடங்கப்பெற்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி அரிதானபோது ரவையைக் கொண்டு இட்லி செய்யப்பட்ட வரலாறு இவ்விடுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. காலைச் சிற்றுண்டி நேரம் ஏறக்குறைய பதினொரு மணியோடு முடிந்துவிடும். விடுமுறை நாட்களில் இடத்துக்குக் காத்திருக்கவும் நேரும். நீரிழிவு உடையவர் பசியோடு காத்திருத்தல் தீது. ஆதலால் வீட்டிலிருந்து புறப்படுமுன் அவர் சிறிது உண்டு வருதல் வேண்டும். கைப்பையில் இரண்டு வாழைப்பழங்கள் இருக்கட்டும்.

நடுப்பகலில் வீடு திரும்பிவிடலாம். மாலையில் பசவனகுடியின் நந்தி கோயில்; ஒரே கல்லாலான பெரிய நந்தியை அங்கே காணலாம். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று அங்கு நிகழும் கடலைக்காய்ச் சந்தை காணத்தக்கது. பிறகு அருகிலுள்ள காந்தி பஜாரில், 1943 முதல் நடந்துவரும் வித்யார்த்தி பவனின் மசாலா தோசை. இவ்விடுதியும் நடுப்பகலில் மூடிப் பிற்பகலில் திறப்பதே வழக்கம். இளையோருக்கு இன்னும் பசியிருப்பின் விசுவேசுவரபுரத்துத் திண்டி வீதி இருக்கிறது. மாலை விளக்கு ஏற்றிய பின்னரே அவ்வீதி களைகட்டும். வயிறு மெல்லியவர் அங்கு வேடிக்கை பார்ப்பதோடு நிற்றல் உத்தமம்.

இரண்டாம் நாள் நகரின் நடுப்பகுதி. ஜவாஹர்லால் நேரு 1951-இல் அடிக்கல் நாட்டி, கெங்கல் ஹனுமந்தய்யாவின் முயற்சியால் உருப்பெற்று, 1956-இல் முடிவடைந்த விதான சௌதாவைச் சாலையிலிருந்தே கண்ணாரக் காணலாம். எதிரே உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடமும், 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவும் உள்ளன. குழந்தைகள் உடன் இருப்பின், கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பக் காட்சிசாலைக்குப் பாதி நாள் ஒதுக்குக. இயந்திரம் இயங்கும் விதத்தை அவர்கள் அங்கே பிடித்துப் பார்த்துக் கற்பர்.

அன்று மாலை அல்சூர் செல்லுதல் தமிழ் விருந்தினர்க்குத் தனி நிறைவு தரும். 1809-இல் இந்நகரில் படை முகாம் அமைந்த பின்னர்த் தமிழ்க் குடிகள் பலர் வந்து வாழ்ந்த பகுதி அது. சோமேசுவரர் கோயிலை வணங்கி, ஏரிக்கரைக்குச் சென்றால், அருகே 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தைக் காணலாம். திருவள்ளுவர் சிலையும் அப்பகுதியில் உள்ளது. பல ஆண்டுகள் திரையிட்டு மூடியிருந்த அச்சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மொழியாரும் ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட இம்மரியாதையை இளையோர்க்கு எடுத்துச் சொல்லுக. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த புலவரின் சிலையடியில், விருந்தினரோடு சிறிது நேரம் நிற்பதும் பொருத்தமே.

மூன்றாம் நாளை இருவகையில் அமைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் முயலுதல் கூடாது. குழந்தைகளும் திடகாத்திரமுள்ளவர்களும் மிகுதியாயின் பன்னேர்கட்டா. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். முதியோர் மிகுதியாயின், காலையில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் பூக்கடைகளும், அருகிலுள்ள கோட்டையும், 1791-இல் நிறைவுற்ற திப்பு சுல்தானின் கோடை மாளிகையும் போதும். மாளிகையின் தேக்கு மரத் தூண்களையும் வளைவுகளையும் பார்த்துவிட்டு உச்சிவேளைக்குள் வீடு சேரலாம். திரும்பும் பயணத்துக்கு மூட்டை கட்டவும் பொழுது வேண்டுமல்லவா?

இனி உணவைப் பற்றிச் சில சொற்கள். கன்னட நாட்டுச் சமையல் நமக்கு அயலானதன்று. ஆயினும் சிறு வேறுபாடுகள் உண்டு. சாம்பாரில் வெல்லத்தின் இனிப்புச் சற்றுத் தோன்றும். காரா பாத் என்பது நம் ரவை உப்புமாவின் உறவு. கேசரி பாத் நம் கேசரியே. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தருவதைச் சௌ சௌ பாத் என்பர். பிசிபேளே பாத், அக்கி ரொட்டி, மத்தூர் வடை ஆகியவை ஒவ்வொரு முறையேனும் சுவைக்கத்தக்கவை. ராகி முத்தே என்னும் களி, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தாருக்குப் பழகிய உணவு. பிற மாவட்டத்தார்க்கு, அதை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று முன்னரே சொல்லிவிடுக. புலால் உண்போர்க்கு "மிலிட்டரி ஹோட்டல்" எனப்படும் விடுதிகளில் தொன்னையில் பரிமாறும் பிரியாணி உண்டு. தர்ஷினி என்னும் விடுதிகளில் நின்றுகொண்டே உண்ண வேண்டும். விலை மலிவு, உணவு சூடு. ஆனால் முழங்கால் வலி உடையவரை அங்கே நிற்க வைப்பது முறையாகாது. நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் வெளியில் உண்பது என்று வைத்துக்கொண்டால் வயிறும் தாங்கும், பணப்பையும் தாங்கும்.

குடிநீர் விஷயத்தில் கவனம் மிக வேண்டும். ரோம் நகரத் தெருக்களில் குடிநீர் ஓயாது ஒழுகும் குழாய்கள் உண்டு. பயணி புட்டியை நிரப்பிக்கொண்டு நடப்பான். இங்கே அந்த வசதி இல்லாமையால், கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுதல் நலம். விடுதியில் "பிசி நீரு" என்று கேட்டால் வெந்நீர் தருவார்கள். இந்நகருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருவது. ஈரோடு, கரூர், திருச்சிப் பக்கத்து விருந்தினர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும்; குழாயை வீணே திறந்துவிடாத எண்ணத்தையும் தரும். காப்பியோ, இங்கே "பை டூ" என்று கேட்டு ஒன்றை இருவர் பகிர்ந்து பருகும் வழக்கம் உண்டு. நாள் முழுதும் அலைவோர்க்கு அந்த அளவே போதுமானது.

போக்குவரத்தில் ஒரு நுட்பம். 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய திட்டத்தின்படி, அரசுப் பேருந்துகளில் மகளிர்க்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம், கர்நாடக முகவரியுடைய அடையாள அட்டை உள்ளவர்க்கே உரியது. ஊரிலிருந்து வரும் அம்மாவும் அத்தையும் சீட்டு வாங்கவே வேண்டும்; நடத்துநரோடு வாதிட்டுப் பயனில்லை. லால்பாகின் மேற்குப் பக்கத்தில் மெட்ரோ நிலையம் உள்ளது. அங்கே பச்சைத் தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறினால் விதான சௌதாவை அடையலாம். நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் குளிர் தட்டும். கோடையிறுதி முதல் ஐப்பசி வரை பிற்பகல் மழையும் எதிர்பார்க்கத்தக்கது. ஆதலால் திறந்தவெளிக் காட்சிகளைக் காலைக்கும், கூரையுள்ள இடங்களை மாலைக்கும் வைத்துக்கொள்க.

இறுதியாக ஒன்று. பெற்றோர் இவ்வளவு தொலைவு வருவது மாளிகைகளையும் மலர்களையும் காண்பதற்கு மட்டுமாகாது. பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறான், பெண் எந்தக் கடையில் காய் வாங்குகிறாள், பேரக் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்கிறது, அண்டை வீட்டார் எத்தகையவர் என்பனவற்றை அறியவே அவர்கள் உள்ளம் விழையும். இவற்றைக் காணாமல் ஊர் திரும்பினால், அவர்களுடைய கவலை வந்தபடியே திரும்பும். எனவே மூன்று நாளில் ஒரு மாலைப்பொழுதை எந்தக் காட்சிக்கும் கொடுக்காமல் அடுகோடிக்கே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் செல்லும் வழியை அவர்களோடு நடந்து காட்டுங்கள். நாள்தோறும் பால் வாங்கும் நந்தினிச் சாவடியையும், அவசரத்துக்கு உதவும் கன்னட அண்டை வீட்டாரையும் அறிமுகப்படுத்துங்கள். அன்றிரவு உணவு உங்கள் வீட்டு அடுப்பில் சமைத்ததாக இருக்கட்டும். ஊரில் அவர்களைச் சூழ்ந்து அமர்ந்து கேட்போருக்கு, விதான சௌதாவுக்கு முன்னதாக அவர்கள் விவரிக்கப்போவது அந்த மாலையைத்தான்.