எண்சுவடியும் இற்றைக் கணக்குப் பாடமும்

திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பொருளறியா மனப்பாடம் என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். பழம்பெருமை என ஏத்துவோர் மற்றொரு சாரார். எண்சுவடியை ஊன்றிக் கற்றவர் இவ்விருவர் கூற்றையும் எளிதில் ஏலார்.

எண்சுவடி ஒன்றினை 320 கூறிட்டு, ஒரு கூற்றினை முந்திரி என்று வழங்கிற்று. 320 என்னும் எண்ணைத் தேர்ந்தது ஏன்? அதனை 16 ஆலும் 80 ஆலும் மிச்சமின்றி வகுக்கலாம். எனவே, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாய்க் குறையும் வரிசையும், இருபதில் ஒன்றாகிய மா, அதன் பாதியாகிய அரைமா, அதன் பாதியாகிய காணி என்னும் வரிசையும் அதனுள் ஒருங்கே அடங்குகின்றன. மூன்றில் ஒன்று மட்டும் அடங்காது. ஆயின் நெல்லளப்பார்க்கு அக்குறையும் இல்லை. மூன்று தூணி கொண்டது ஒரு கலம் ஆதலின், கலத்தில் மூன்றிலொன்று தூணி என்னும் தனியளவாகவே நின்றது. மாவிற் கால் காணி என்று ஓதிய சிறுவன் பின்னக் கணக்கைச் செய்து முடித்தவனே ஆவான். அதன் பொருளை அவன் களத்திலும் கடையிலும் கண்டான். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில், ரூபாயில் மாகாணி ஓர் அணா அன்றோ!

1957 ஏப்ரலில் ரூபாய் நூறு காசாயிற்று. 1958 முதல் மீட்டர், கிலோகிராம் அளவைகள் நடைமுறைக்கு வந்தன. இம்மாற்றம் நன்றே. எனினும், வாய்பாட்டிற்குப் பொருள் தந்த சந்தை மறைந்தது. ஓதும் பழக்கம் மட்டும் வகுப்பறையில் எஞ்சிற்று. நாம் இன்று பழிக்கும் மனப்பாடம் பெரிதும் இவ்வெச்சமே என்பது எம் கருத்து.

பழமையை முழுதும் போற்றவும் இயலாது. 1822 இல் தாமசு மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பில் பள்ளியேறிய பெண்மக்கள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்டோர்க்குத் திண்ணை பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அநாதைப் பள்ளியில் அதனைக் கையாண்டு, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து அதனைச் சென்னை முறை என்றே வழங்கிற்று. 2003 அளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் புகுந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளோ, குழந்தை தன் விரைவிற்கேற்பத் தானே முன்னேற இடந்தந்தன. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் செய்து அறிதலையே வற்புறுத்துகின்றது.

ஆயின் எதனைச் செய்து அறிவது? அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூர் நெசவூர். அதன் கட்டத்துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. பாவில் 2,420 இழை, ஒரு கட்டத்திற்கு 48 இழை எனக் கொள்வோம். 50 கட்டம் போக 20 இழை மிஞ்சும். அதனை ஒருபுறமே விட்டால் துணி கோணும். கரைக்குப் பத்தாகப் பிரித்தால் ஒக்கும். ஈவும் மீதியும் இன்னவை என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் அட்டையை யாம் கண்டிலேம். இழைகளை விரைந்து வகுக்க அம்மாணவனுக்கு வாய்பாடும் வேண்டும். மீதியை எங்கே வைப்பது என்று எண்ணித் துணிய அவனுக்குச் சிறிது நேரமும் வேண்டும். முன்னதைத் திண்ணை தந்தது. பின்னதை இற்றைப் பள்ளி தர முயல்கின்றது. தறிகள் அருகிவரும் அவ்வூரில், அப்பாவுக் கணக்கினைப் பாடநூலில் ஏற்றுதல் இன்னும் இயல்வதே.