தறியடியிலிருந்து வெட்டு மேசைக்கு

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கை முடித்து எழுந்தபோது, உறுப்பினர் ஒருவர் தம் மகளை எந்த ஆடைப் பயிற்சியில் சேர்க்கலாம் என வினவினார். 1995-இல் சென்னையில் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தை அவர் அறிவார். அங்குப் பட்டப்படிப்பு நான்காண்டு, செலவும் மிகுதி. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பப் பயிற்சி உண்டு என்பதை அவர் அறியார்.

எங்குப் பயின்றாலும் எடுத்த எடுப்பில் வடிவமைப்பாளர் பதவி கிட்டாது என்றோம். மாதிரி ஆடை தைத்தல், வெட்டு மேசையில் உதவுதல், தைத்தவற்றைச் சரிபார்த்தல் ஆகியவையே தொடக்கம். திரைப்பட உடைப்பிரிவிலும் அளவு திருத்தும் வேலையே முதலில் வரும். 'காந்தி' படத்தின் உடைகளுக்காக 1983-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற பானு அதையாவும் முதலில் பத்திரிகைகளுக்கு ஆடைச் சித்திரம் வரைந்தவரே.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு முதல் உண்டு. பாவு நூல் உடலின் நீளவாட்டில் அமைய வெட்டினால் ஆடை நேராகத் தொங்கும். 45 பாகை சாய்த்து வெட்டினால் துணி இழுபட்டு நெகிழும். பாவு எது, ஊடை எது என்று பிறர் கற்றறிய வேண்டும்; தறியருகே வளர்ந்தவளுக்கு அது தொட்டாலே தெரியும். பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டுமென்பதையும் அவளுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

சேர்க்குமுன் நிலையத்தை நேரில் பார்க்கச் சொன்னோம். கத்திரிக்கோலை மாணவியர் கையில் கொடுக்கிறார்களா, ஆசிரியரே வெட்டிக் கொடுத்துவிடுகிறாரா? வெட்டுப் பழகாதவர் தையற்பொறியோடு நின்றுவிடுவர். தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டா என்பதையும் கேட்டறிதல் நலம்.

"அவள் போய்விட்டால் வீட்டுத் தறியில் யார் உட்காருவார்?" என்றார் அவர். அதற்கு எம்மிடம் விடையில்லை. எனினும் திங்கட்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லி, நிலையத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டார்.