நகைக்குக் கல் தெரிதல்

கொழும்புச் செட்டியார் தெருவில் தாலிக்கொடி எடுக்கச் செல்லும் குடும்பத்தினர் எத்தனை பவுண், என்ன மாற்று, செய்கூலி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பர். அதே குடும்பத்தினர் நீலக்கல் மோதிரம் ஒன்றைக் கையில் எடுத்தால், "நல்ல நிறம்" என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கின்றனர். தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கல்லுக்கு அந்த வசதி இல்லை. நகை அடகுக்குப் போகும் நாளிலேதான் பலருக்கு விஷயம் புலப்படுகிறது. அங்கே கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் பணம் கொடுப்பதே வழக்கம். பெருந்தொகை கொடுத்து வாங்கிய கல் அந்தக் கணக்கில் இடம்பெறுவதேயில்லை.

தடுமாற்றம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. இலங்கையில் மாணிக்கம் என்ற சொல் சிவப்புக் கல் ஒன்றையும் குறிக்கும். எல்லா இரத்தினங்களையும் பொதுவாகவும் குறிக்கும். இந்நாட்டில் வைரச் சுரங்கம் இல்லை. ஆயினும், 'மாத்தறை வைரம்' என்றொரு பெயர் வியாபாரத்தில் நெடுங்காலம் வழங்கியது. அது சிர்க்கன் என்னும் வேறொரு கல்லின் நிறமற்ற வகை. வைரத்தைப் போலவே சுடர்விடும். ஆனால் நாளடைவில் அதன் விளிம்புகள் தேய்ந்து சிதைந்துவிடும். புஷ்பராகம் என்று கேட்பவருக்கு மஞ்சட் குருந்தமும் கிடைக்கலாம், தோபாசும் கிடைக்கலாம், சூடேற்றி மஞ்சளாக்கிய சாதாரணப் படிகமும் கிடைக்கலாம். மூன்றும் மஞ்சளே, விலையோ ஒன்றுக்கொன்று எட்டாதது. இத்தகைய மயக்கம் ஏழை எளியவருக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய அரச முடியின் முகப்பிலே 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்னும் பெயரோடு விளங்கும் பெரிய சிவப்புக் கல் உண்மையில் மாணிக்கமே அன்று. அது ஸ்பினல் என்னும் கல்.

நீலமும் சிவப்பு மாணிக்கமும் ஒரே குலத்தவை என்பது பலர் அறியாத செய்தி. இரண்டும் குருந்தம் என்னும் அலுமினிய ஒட்சைட்டுப் படிகங்களே. குருந்தம் என்னும் இந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் இக்கல்லின் பெயராக நிலைத்துவிட்டது. சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலம். இந்த நுட்பத்திலிருந்தே, வாங்குவோர் இன்று கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வியும் பிறந்தது: இந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

இரத்தினபுரிப் பகுதியில் பால் கலந்தாற்போல மங்கிய குருந்தக் கற்கள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றுக்குக் 'கெவுடா' என்று பெயர். ஒரு காலத்தில் அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உலையிலிட்டனர். மங்கலுக்குக் காரணமான நுண்ணூசிகள் கரைந்தன. அவற்றிலிருந்த தைத்தேனியம் கல்லோடு கலந்தது. பால் நிறம் தெளிந்த நீலமாயிற்று. கல் பிறந்தது இங்கே, இலாபம் சேர்ந்தது அங்கே. பிற்காலத்தில் அந்த வித்தை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஊதுகுழலால் மெல்லச் சூடேற்றி நிறத்தைத் திருத்தும் பழைய முறையோ இங்கே முன்பிருந்தே பழக்கத்திலிருந்தது.

சூடேற்றிய கல் போலியாகாது. பெற்ற நிறம் அணிபவரின் ஆயுள்வரை மாறாது. ஆனால் சூடேற்றாமலே அழகாக அமைந்த கல் அரியது. அதற்கேற்ப அதன் விலையும் உயர்ந்தது. சூடேற்றியதைச் சூடேற்றாததென்று விற்பதே மோசடி. இதினும் கொடியது, வெடிப்பு நிறைந்த சிவப்புக் கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்பது. பார்வைக்கு அது குறையற்றது. தட்டானின் தீச்சுடர் பட்டாலும் கெடும். சமையலறையில் தேசிக்காய்ச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கப்பட்டு, மறைந்திருந்த வெடிப்புகள் வெளுத்துத் தோன்றும்.

இனி, மண்ணையே காணாத கற்களும் உண்டு. பிரெஞ்சு இரசாயன அறிஞர் வேர்னோயில், தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அவ்வாறு வளர்த்த கல்லை உருப்பெருக்கியால் நோக்கினால் வளைந்த கோடுகளும் சில வேளை காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லின் நிறக்கோடுகள் நேராகவோ கோணமாகவோ செல்லும். பெரிதாக, குறையே இன்றி, மலிவாகவும் ஒரு கல் கிடைக்குமாயின் மகிழ்ச்சிக்கு முன் ஐயம் வருவது நன்று. வைரத்தையும் 1954 முதல் ஆலையிலே ஆக்குகின்றனர். அதுவும் வைரமே, ஆனால் திருப்பி விற்கும்போது பூமியிலெடுத்த வைரத்தின் விலையை அதற்கு எவரும் தருவதில்லை.

கல்லைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடை விளக்குகள் கல்லுக்கு ஒப்பனை செய்பவை; ஆகவே வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நல்லது. இலங்கை நீலத்தில் நிறம் எங்கும் பரவியிராது; ஒரு மூலையில் திரண்டு நிற்பதுண்டு. கைதேர்ந்த பட்டை தீட்டுபவர் அந்தத் துளி நிறத்தை அடிப்பகுதியில் அமைத்துவிட்டால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் முழுதும் நீலமாகவே தோன்றும். இது ஏமாற்று வேலையன்று, கைத்திறனே. எனினும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து விலை பேசவேண்டும். நிறை குறையக்கூடாதென்று அடிவயிற்றைப் பருமனாக விட்ட கற்களும் உண்டு. ஒரு கரட் என்பது 0.2 கிராம், மோதிரத்துக்குள் மறைந்து கிடக்கும் வயிற்றுக்கும் வாங்குபவரே பணம் கொடுக்கிறார். அடைப்பாகப் பதித்துப் பின்னே மினுக்குத் தகடு வைத்த பழைய பாணி நகையிலே இவை எவையுமே தெரியா.

அணியும் இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடின அளவில் வைரம் 10, குருந்தம் 9. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் 7. அதற்குக் குறைந்த கல் நாள்தோறும் துடைக்கத் துடைக்கக் கீறலுறும். சந்திரகாந்தக் கல்லும் முத்தும் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் பொருந்தும். அடுப்படியில் உழைக்கும் கையின் மோதிரத்துக்குப் பொருந்தா. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஊட்டுவது வழக்கமாதலால், அதனைச் சூடான சவர்க்கார நீரில் போடலாகாது. கீறல் படாத வைரமும் ஓர் அடியில் பிளக்கக்கூடும். கடினம் வேறு, உறுதி வேறு.

கிரகத்துக்கென்று கல் தேடுவோர் இவற்றிலெல்லாம் மிகவும் ஏமாறுகின்றனர். சோதிடர் நீலம் என்று மட்டுமே எழுதிக்கொடுக்கிறார்; அவசரத்தில் வாங்கிவருவது சில வேளை நீல நிறக் கண்ணாடியாகவே முடிகிறது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் கல்லைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குகிறது. பெருவிலைக் கல்லுக்கு அந்தச் செலவு பெரிதன்று. பதித்தபின் நிறுக்கவும் இயலாது, அடியைக் காணவும் இயலாது; ஆதலால் கல் தனியாக இருக்கும்போதே சோதனை நடக்கவேண்டும். கல்லின் சரியான பெயர், கரட் நிறை, இயற்கையா ஆக்கப்பட்டதா, சூடேற்றியதா, வேறெதுவும் நிரப்பியதா என்ற விவரங்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்கலாம். வாயால் உறுதி சொல்லிவிட்டு எழுத மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வருவதற்கு எந்த வெட்கமும் வேண்டியதில்லை.