சட்டத்திற்கு முந்திய தொண்டு

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாள்: 1937 அக்டோபர் 1. கொண்டுவந்தவர் இராஜாஜி. ஆயினும், அச்சட்டத்திற்கு முன் பன்னிரண்டு ஆண்டுத் தொண்டு இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த சிற்றூர்களில் ஏழைப் பெண்கள் நூற்ற நூலுக்கு ஊழியர்கள் கூலி கொடுத்தனர். கள்ளை விடுங்கள் என்று சொன்னவர்களும் அவர்களே. அறிவுரை உதவியோடு சேர்ந்தே வந்தது. 1929-இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர், மதுவால் வந்த வருவாயை இழந்த அரசு, 1939-இல் விற்பனை வரியை விதித்தது. ஏழை வீட்டு அடுப்பு எரிய, ஊரார் அனைவரும் அச்சுமையைப் பகிர்ந்தனர்.

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கூலி நாளன்று விசைத்தறிக் கூடத்திலிருந்து தந்தை எவ்வளவு கொண்டுவருவாரோ என்று வாசலில் காத்திருக்கும் குழந்தைகளை நாம் அறிவோம்.

மீண்டும் சட்டம் வரட்டும் என்று நாம் கேட்பது நியாயமே. ஆனால், குடிப்பவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவும், அவர் மனைவிக்கு வேலை தேடித்தரவும் சட்டம் தேவையில்லை. அன்பியத்திற்கு ஒரு குடும்பமென இன்றே பொறுப்பேற்போமா?