காத்த ஜலமே குடிநீர்

குற்றாலத்தில் சாரல் பொழிந்து அருவி ஆர்ப்பரிக்கும் காலத்தில், தென்காசிவாசிகளிடம் ஜலத்தைப் பற்றிப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் அருவியில் விழும் ஜலம் வேறு. குடிக்கத் தகுந்த ஜலம் வேறு. சுத்தம் செய்த ஜலத்தை வீடு சேரும்வரை காப்பது தேக்கத்தொட்டி. அதற்குக் கூரை அலங்காரமன்று, அவசியம் என்பதே நமது கட்சி.

சென்னைப் பட்டணத்தின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி. 1872 முதல் செங்குன்றம் ஏரி ஜலம் திறந்த மண் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமலே ஊருக்குள் சென்றது. 1914-இல் எஞ்சினீயர் மேட்லியின் திட்டம் நிறைவேறிற்று. கால்வாய்க்குப் பதிலாக மூடிய வாய்க்கால். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள். வடிகட்டிய ஜலத்துக்குப் பூமிக்கடியில் தேக்கம். 1961-ஆம் வருஷத்தில் 6.6 லட்சம் ஜனங்கள், தலைக்குத் தினம் 25 காலன் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நகரம் அக்கணக்கை மீறி வளர்ந்துவிட்டது. சுத்த ஜலத்தை மூடிக் காக்கவேண்டும் என்ற விதியோ மாறவில்லை.

வடிகட்டிய ஜலத்தைத் திறந்து வைப்பது, பாலைக் காய்ச்சித் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும். வெயில் பட்டால் பாசி படரும். கிருமிகளைக் கொல்லச் சேர்த்த குளோரினும் வீணாகும். பறவைகளின் எச்சமும் சருகும் விழும். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு, சாக்கடையை விட்டுத் தெளிந்த ஜலத்தையே நாடி முட்டையிடும்.

நிலத்தடித் தேக்கம் கட்டுவது எளிய காரியமன்று. நிறைந்திருக்கையில் ஜலம் சுவரை வெளியே தள்ளும். காலியாயின் மண் உள்ளே நெருக்கும். ஊற்று மிகுந்த பூமியில் காலித்தொட்டி தோணிபோல் மேலெழும்பவும் கூடும். இவற்றையெல்லாம் முன்னரே கணக்கிடவேண்டும். ஜலம் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறினால்தான் மூலையில் தேங்கிக் கெடாது. இரண்டு அறைகள் இருந்தால், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஊருக்கு ஊட்டும். காற்றுக்குழாய்களுக்குக் கம்பிவலையும், இறங்கும் வாயிலுக்குப் பூட்டும் இன்றியமையாதவை.

2019-இல் தென்காசி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. ஊர் வளர வளரத் தொட்டிகளும் பெருகும். கட்டியதோடு கடமை தீர்ந்ததென்று எந்த நகரசபையும் கருதலாகாது. மூடி பழுதற்றதா, வலை கிழியாதிருக்கிறதா, கடைசியாகக் கழுவிய தேதி யாது என்று கேட்பது வரி செலுத்தும் பிரஜையின் உரிமை. தன் வீட்டு மாடித்தொட்டியின் மூடியைக் கவனிப்பது அவனது கடமை. உரிமையைக் கோருபவர் கடமையில் முந்துவாராக!