மோட்டாரும் பற்சக்கரமும்

சில மாதங்களுக்கு முன், எங்கள் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நடைபெற்ற அறிவியற் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானே செய்த ரோபோ வண்டியொன்றை அங்கே காட்சிக்கு வைத்திருந்தான். சிறு மணல் மூட்டையொன்றைச் சுமந்துகொண்டு அவ்வண்டி ஒரு சாய்பலகையின்மேல் ஏற வேண்டும் என்பது அவன் திட்டம். சமதரையில் வெறுமனே விட்டபோது வண்டி அம்புபோற் பாய்ந்து சுவரில் மோதிற்று, கூடியிருந்தோர் கைதட்டினர். மூட்டையை ஏற்றிச் சாய்பலகையின் அடியில் வைத்தபோதோ, மெல்லிய முனகல் ஒன்றே கேட்டது, சக்கரம் அசையவில்லை. பையன் விசையை அழுத்தியவாறே நின்றான். சிறிது நேரத்தில் மோட்டாரிலிருந்து கருகிய நாற்றம் எழுந்தது. அவன் முகம் வாடிவிட்டது. பல மாதங்களாக உண்டியலிற் சேர்த்த பணத்தில் வாங்கிய மோட்டார் அது.

“எந்த மோட்டார் வாங்கினாய், தம்பி?” என்று கேட்டேன்.

“கடையில் இருந்தவற்றுள் மிக வேகமானது, ஐயா. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று” என்றான்.

கடைக்காரர் அவனை ஏமாற்றவில்லை. ஏறத்தாழ அதே விலைக்கு, அதே உருவத்தில், நிமிடத்துக்கு 60 சுற்று மட்டுமே சுழலும் மோட்டாரும் இத்தகைய கடைகளிற் கிடைக்கும். அதனை வாங்கியிருந்தால் வண்டி ஏறியிருக்கும். 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டத்தின் பயனாக, நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் மோட்டாரையும் மின்சுற்றையும் கையில் எடுத்துப் பழகும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆயினும், வேகமான மோட்டாரே நல்ல மோட்டார் என்னும் எண்ணம் அவர்களை விட்டு நீங்கக் காணோம். பெற்றோர்களுக்கும் அவ்வெண்ணம் உண்டு.

மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டாரின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பற்சக்கரம் எதுவும் பூட்டாத மோட்டார், சுமையின்றி இருக்கும்போது நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும். ஆனால், அதன் அச்சை இரண்டு விரல்களாற் பிடித்தே நிறுத்திவிடலாம். வேகம் மிகுதி, திருப்பும் விசை சொற்பம். அச்சின்மேற் சுமை ஏற ஏற, வேகம் சீராகக் குறைந்துகொண்டே வரும். அது உறிஞ்சும் மின்னோட்டமோ சீராக ஏறிக்கொண்டே போகும். இறுதியில் மோட்டார் நின்றுவிடும் நிலை ஒன்று உண்டு. அந்நிலையில் அதன் திருப்புவிசை உச்சத்தில் இருக்கும்; மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும். அச்சு அசையாமையால் வேலை ஒன்றும் நடைபெறுவதில்லை. உட்சென்ற மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறிக் கம்பிச்சுருளைத் தீய்க்கிறது. பையனின் மோட்டாருக்கு நேர்ந்த கதி இதுவே.

இனி, பற்சக்கரம் செய்யும் காரியத்தைப் பார்ப்போம். கடைக்காரர் மொழியில் இதற்குக் கியர் என்று பெயர். பத்துப் பற்கள் உள்ள சிறு சக்கரம், நாற்பது பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். சிறியது நான்கு முறை சுற்றினால் பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் நான்கில் ஒரு பங்காகிறது. அதற்கு ஈடாகத் திருப்புவிசை நான்கு மடங்காகிறது. இவ்வாறு மற்றொரு சோடியைத் தொடர்ந்து பூட்டினால் பதினாறு மடங்கு. பற்சக்கரம் ஆற்றலை உண்டாக்குவதில்லை. வேகத்தைப் பெற்றுக்கொண்டு விசையைத் தருகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்திற் சென்றவர்கள், வளைவுதோறும் ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றுவதைக் கண்டிருப்பார்கள். இயந்திரம் மாறவில்லை. அதன் வேகத்தை விசையாக மாற்றிக்கொள்ளும் அளவே மாறுகிறது.

கடைகளில் 12 வோல்ட்டில் இயங்கும் கியர் மோட்டார்கள் 10, 30, 60, 100, 200, 300, 500, 1,000 சுற்று என்று வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒரே வரிசையைச் சேர்ந்த இவற்றைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே வகை மோட்டார்தான். முன்புறத்துப் பெட்டியில் உள்ள பற்சக்கரங்கள் மட்டுமே வேறு. ஆகவே, 1,000 சுற்றுக்குப் பதில் 60 சுற்றைத் தேர்ந்தெடுப்பவன், உராய்வின் இழப்பை ஒதுக்கிப் பார்த்தால், ஏறத்தாழப் பதினேழு மடங்கு திருப்புவிசையைப் பெறுகிறான்.

எனினும், எந்த எண்ணை எடுப்பது? இதற்குக் கடைச்சீட்டிலிருந்து தொடங்கலாகாது. செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பையனுடைய வண்டிக்கே கணக்கிடுவோம்.

மூட்டையுடன் வண்டியின் எடை 2 கிலோகிராம். பலகையின் நீளம் 120 சென்டிமீட்டர்; அதன் மேல்முனை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் நீளத்தில் நான்கில் ஒன்று. ஆகவே வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் எடையில் நான்கில் ஒன்று. அதாவது 500 கிராம் எடைக்குச் சமம். அச்சு உராய்வு முதலியவற்றுக்கு 100 கிராம் சேர்த்து, 600 கிராம் என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 3.5 சென்டிமீட்டர். 600-ஐ 3.5-ஆற் பெருக்கினால் 2,100 கிராம்-சென்டிமீட்டர், அதாவது 2.1 கிலோகிராம்-சென்டிமீட்டர். பாடநூலில் இவ்வளவை நியூட்டன்-மீட்டர் என்று குறிப்பார்கள். கடைச்சீட்டில் இப்படித்தான் இருக்கும் என்பதால் நானும் இதையே கையாளுகிறேன். மோட்டார் இரண்டு, ஆகவே ஒவ்வொன்றும் சுமக்க வேண்டியது 1.05.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 1.05 என்று தெரிந்ததும், சீட்டில் 1.1 என்று எழுதிய மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் மோட்டார் நின்றுவிடும் நிலையின் விசை. ஒரு கூலியாள் தூக்கத்தக்க உச்ச எடையை நாள் முழுவதும் அவன் தலையில் வைக்க நாம் துணிவதில்லை அல்லவா? உச்ச விசையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை வாங்குவதே முறை. அப்படியானால், சீட்டில் 3 முதல் 4 கிலோகிராம்-சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

அடுத்து வேகம். 120 சென்டிமீட்டர்ப் பலகையை எட்டு விநாடியில் ஏறினாற் போதும் என்போம். விநாடிக்கு 15 சென்டிமீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். எனவே நிமிடத்துக்கு 41 சுற்று. சுமை உச்ச விசையில் நான்கில் ஒரு பங்காக இருக்கும்போது வேகமும் நான்கில் ஒரு பங்கு குறையும் என்பதால், சுமையில்லாதபோது 55 சுற்றுச் சுழலும் மோட்டார் வேண்டும். கடையில் உள்ளது 60. பையன் வாங்கிய 1,000 சுற்று மோட்டாரோ வண்டியை விநாடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் ஓட்ட அமைந்தது! 1997-ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் இறங்கிய சோஜர்னர் என்னும் அமெரிக்க வண்டியின் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. பாறைகளின்மேல் ஏற வேண்டிய வண்டிக்கு அதனை அமைத்த அறிஞர்கள் விரும்பியது அத்தகைய நடையையே.

பற்சக்கரங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் விசை எல்லையின்றிப் பெருகுமோ என்று ஒரு மாணவி என்னை வினவினாள். நல்ல கேள்வி. ஒவ்வொரு சோடியும் உராய்வினால் ஒரு சிறு பங்கை விழுங்குகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் கடத்தும் சோடிகள் ஐந்தைத் தொடராகப் பூட்டினால், கடைசியில் நமக்குக் கிட்டுவது 59 மட்டுமே. மேலும், இறுதிச் சக்கரத்தின் பற்களே முழு விசையையும் தாங்க வேண்டியிருப்பதால், பிளாஸ்டிக் பற்கள் முறிந்துவிடுவதும் உண்டு. பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படும் மஞ்சள்நிறப் பெட்டி மோட்டாரில் பெரும்பாலும் 48-க்கு 1 என்ற விகிதத்தில் பிளாஸ்டிக் சக்கரங்களே உள்ளன. இலேசான வண்டிக்கு அது போதும். நம் மணல் மூட்டைக்கு ஆகாது. பளுவுக்கு உலோகப் பற்களே தக்கவை.

பெட்டியிலுள்ளதை விடுத்துத் தாமே பற்சக்கரம் பூட்ட விரும்புவோர், இரண்டு சக்கரங்களின் பல்லளவும் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கு மாட்யூல் என்று பெயர். மாட்யூல் 0.5 உள்ள பத்துப் பல், நாற்பது பல் சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 12.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பற்களின் கூட்டுத்தொகையை மாட்யூலாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் இது கிடைக்கும். நெருங்கினால் இறுகும், விலகினால் பற்கள் வழுக்கும்.

ஓடும் சக்கரத்துக்கு உரியது மற்றவற்றுக்கு உரியதன்று. குறித்த கோணத்தில் நிற்க வேண்டிய கைக்குச் சர்வோ மோட்டார் ஏற்றது. எண்ணியெண்ணிச் சிறு அடியாகச் சுழல வேண்டிய இடத்துக்கு ஸ்டெப்பர். ஒரு சுற்றை 200 அடியாகப் பகுப்பது அதில் பொதுவான வகை. தூக்கிய சுமை, மின்சாரம் நின்றாலும் கீழே சரியாமல் இருக்க வேண்டுமெனில், திருகுபோன்ற வார்ம் கியரை நாடலாம். அதன் திருகு சக்கரத்தைச் சுழற்றும். விகிதம் போதிய அளவு பெரிதானால், சக்கரம் திருகைத் திருப்பிச் சுழற்ற இயலாது. ஆனால் உராய்வில் அது பெருந்தீனி தின்னும்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். புகை எச்சரிக்கைக் கருவியில் இடும் சதுர வடிவ 9 வோல்ட் மின்கலத்தைச் சிறுவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். வோல்ட் மிகுதி என்பது அவர்கள் கணக்கு. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர இயலாது. மோட்டாரை இயக்கும் மின்தகடும், மோட்டார் நிற்கும்போது ஏறும் உச்ச மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். எல் 298 என்னும் பழைய வகைத் தகடு ஒரு ஆம்பியர் ஓடும்போதே ஏறத்தாழ இரண்டு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். ஆறு வோல்ட் கொடுத்தவன் மோட்டாருக்கு நான்குதான் கிடைத்தது என்பதை அறியாமல் மோட்டாரைக் குறை கூறுகிறான்.

சீட்டில் எழுதியதை நம்பாமல் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளையொன்றை மோட்டாரின் அச்சிற் பொருத்தி, அதிற் கயிறு சுற்றி, வாளியொன்றைத் தொங்கவிட வேண்டும். உருளையின் ஆரம் ஒரு சென்டிமீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். வாளியின் எடையையும் சேர்த்து, எத்தனை கிலோகிராமில் மோட்டார் திணறி நிற்கிறதோ, அத்தனை கிலோகிராம்-சென்டிமீட்டர் அதன் உச்ச விசை. நின்றவுடன் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

கண்காட்சிக்குப் பின் அப்பையன் என் வீட்டுக்கு வந்தான். அவன் கொணர்ந்த 60 சுற்று மோட்டாரைத் திண்ணையின் ஓரத்தில் இறுக்கிக் கட்டிச் சோதித்தோம். நாலரைக் கிலோகிராமில் நின்றது. மறு ஞாயிறன்று வண்டியையும் மணல் மூட்டையையும் பலகையையும் மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வண்டி முனகாமல் ஏறிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது விநாடி. கணக்கில் எட்டு என்று போட்டோமே என்று அவனுக்குக் குறை. மின்கலத்தைச் சோதித்துப் பார்த்தோம். 12 வோல்ட்டுக்குப் பதில் பத்தரைதான் இருந்தது.