கடல் கடந்து வரும் பொதியும் கடமையாகும் சுங்கமும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் விரையும் கொள்கலன் ஊர்திகளைக் காணாதார் நம்முள் இலர். துறைமுகத்திற்கும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் இடையே அவை ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் செல்லும் பொருள்களுக்குச் சுங்கவரி உண்டு என்பதை எவரும் அறிவர். ஆனால், நம் வீட்டு வாசலில் கூரியர் ஊழியர் கொண்டுவந்து தரும் சிறு பொதிக்கும் அதே சுங்கச் சட்டம் பொருந்தும் என்பதைப் பலர் அறியார். கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி அயல்நாட்டுப் பொருளை வாங்குபவர் சட்டத்தின் பார்வையில் ஓர் இறக்குமதியாளரே ஆவார். அவருக்குரிய கடமைகள் யாவை, உரிமைகள் யாவை, எச்சரிக்கைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உல்கு என்னும் பழஞ்சொல்

சுங்கம் நமக்குப் புதியதன்று. பழந்தமிழர் இதனை 'உல்கு' என்றனர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொருள்களுக்கும் இறக்குமதிப் பொருள்களுக்கும் உல்கு கொண்டு, மூட்டைகளின்மீது புலி இலச்சினை பொறித்த அலுவலர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் உல்கினை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. முதலாம் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே புகழ் பெற்றான். சுங்கம் கொள்வது அரசின் உரிமை. அதனைத் தவிர்ப்பது அரசனின் பெருமை. இவ்விரு கருத்துகளும் நம் மரபில் அருகருகே வாழ்ந்துள்ளன.

நம் பூந்தமல்லிக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. கோல்கொண்டா ஆட்சியில் இவ்வூர் சுற்றுவட்டாரத்தின் ஆட்சித் தலைமையிடமாக விளங்கியது. அக்காலத்தில் சென்னைத் துறையின் சுங்க வருவாயில் கோல்கொண்டா அரசுக்குப் பங்கு இருந்தது. அப்பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆங்கிலேயக் கம்பெனியாருக்கும் கோல்கொண்டா அதிகாரிகளுக்கும் இடையே நெடுநாள் பூசல் நிலவியது. இறுதியில் 1672ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 1,200 வராகன் என்று அத்தொகை வரையறுக்கப்பட்டது. எவ்வளவு வரி, யாருக்கு உரியது என்பது தெளிவாக இல்லாதவிடத்துப் பூசல் எழும் என்பதற்கு இஃதொரு பழைய சான்று.

வரியின்மேல் வரி

இன்றைய முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவர் ஒருவர் அயல்நாட்டு விற்பனையாளரிடமிருந்து 2,500 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்குகிறார்; அனுப்புகூலி, காப்பீடு ஆகியவற்றுக்காக 500 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்வோம். சுங்கத்துறை 2,500 ரூபாயை மதிப்பாகக் கொள்வதில்லை. கூலியும் சேர்ந்த 3,000 ரூபாயையே மதிப்பாகக் கொள்ளும். 2019ஆம் ஆண்டில் தனிப்பட்ட பயன்பாட்டுப் பொருள்களுக்கு இருந்த விகிதப்படி, இதன்மீது 10 விழுக்காடு அடிப்படைச் சுங்கவரி 300 ரூபாய். அச்சுங்கவரியின்மீது 10 விழுக்காடு சமூகநல மேல்வரி 30 ரூபாய். இவை மூன்றும் சேர்ந்த 3,330 ரூபாயின்மீது 28 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 932 ரூபாய் 40 காசு. ஆக மொத்த வரி 1,262 ரூபாய் 40 காசு, அதாவது 42.08 விழுக்காடு.

பத்தையும் இருபத்தெட்டையும் கூட்டி முப்பத்தெட்டு என்று எண்ணியிருந்தவர் வியப்படைவதற்குக் காரணம் இதுவே. ஒரு வரி மற்றொரு வரியின்மேல் ஏறுகிறது. இதற்குப் பின்னர் விகிதங்கள் மாறியுள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி அடுக்குகள் மாற்றியமைக்கப்பட்டன. 2026 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், தனிப்பட்ட பயன்பாட்டுப் பொருள்களுக்கான சுங்கவரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. விகிதங்கள் ஆண்டுதோறும் மாறலாம். ஆயினும் கணக்கிடும் முறையை அறிந்தவர் எந்த ஆண்டிலும் ஏமாறமாட்டார்.

அன்பளிப்புக்கும் வரியா?

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைப்போர் இல்லாத தெரு நம் பகுதியில் அரிது. அவர்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும் சிறு பொருள்கள் முன்பு அன்பளிப்பு என்ற வகையில் ஒரு வரம்புக்குள் வரியின்றி வந்தன. 2019இல் அவ்வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவிக்கை இச்சலுகையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கியும் மட்டுமே விலக்குப் பெற்றன. உரிய வரியைச் செலுத்தினால் அன்பளிப்புப் பொருளைப் பெறலாம். அன்பளிப்பு என்ற பெயரால் வரிவிலக்குக் கோர இயலாது என்பதே இதன் பொருள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அயல்நாட்டு இணைய வணிகர் சிலர் விற்பனைப் பொருள்களின்மீது 'அன்பளிப்பு' என்று எழுதி ஆயிரக்கணக்கில் அனுப்பினர் என்ற குற்றச்சாட்டு அந்நாளில் வலுவாக எழுந்தது. ஒரே சட்டையை நம் டிரங்க் சாலைக் கடைக்காரர் வரி செலுத்தி விற்கிறார். அயல்நாட்டு வணிகர் வரியின்றி விற்கிறார். இது நேரிய போட்டியாகாது. அவ்வகையில் அரசின் செயலை நாம் ஏற்கிறோம். ஆயினும், பொய்யர் சிலர் செய்த தவற்றுக்காகத் தொலைவிலிருக்கும் தந்தை மகளுக்கு அனுப்பும் பொம்மையும் தண்டம் செலுத்த நேர்ந்தது. பெறுநரின் அடையாளச் சான்று இன்று கூரியர் வழியே வரும் பொதிகளுக்குக் கேட்கப்படுகிறது. அச்சான்றைக் கொண்டே, ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் இத்தனை சிறு பொதிகள் என்று அளவிட்டு விலக்களிப்பது அரிய செயலன்று என்பது நம் கருத்து.

வரி செலுத்தினாலும் வாராதவை

சில பொருள்களை வரி செலுத்தியும் வரவழைக்க இயலாது. மின்சிகரெட்டுகளின் இறக்குமதி 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆளில்லா விமானங்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் சில விலக்குகளுடன் தடை வந்தது. விதைகளும் செடிகளும் தாவர நோய்த்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை; அழகிய மலரின் விதை என்று வாங்கியது பயிர்நோயைக் கொண்டுவரக் கூடும். விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தரச்சான்று கட்டாயமாயிற்று.

தமிழ் பயில்வோர் ஒன்றை மறக்கலாகாது. அச்சு நூல்களுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. எனினும் 2019 ஜூலை நிதிநிலை அறிக்கை இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரி விதித்தது. யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அச்சாகும் தமிழ்நூல்கள் நமக்கு அயல்நாட்டுச் சரக்குகள் அல்ல; அவை ஒரே மொழியின் விளைச்சல். அறிவின்மீது விதிக்கப்படும் வரி சிறிதாயினும் அது உறுத்தவே செய்கிறது.

உலகெங்கும் ஒரே போக்கு

இது நம் நாட்டின் தனிப்போக்கு அன்று. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதலும், சிங்கப்பூர் 2023 ஜனவரி முதலும், மலேசியா 2024 ஜனவரி முதலும் இணையவழி வரும் குறைந்த மதிப்புப் பொருள்களுக்கு வரி விதிக்கத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அளித்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது என்ற தெளிவின்மையால் நம் அஞ்சல்துறை அந்நாட்டுக்குரிய பொதிச் சேவையை நிறுத்தி, அக்டோபர் 15 அன்றே மீண்டும் தொடங்கியது. அதுவரை அமெரிக்காவில் வாழும் மக்களுக்கு முறுக்கும் பருப்புப்பொடியும் அனுப்ப அஞ்சலகத்தை நம்பியிருந்த பெற்றோர் காத்திருந்தனர். சுங்கம் என்பது வாங்குவோரை மட்டுமன்றி அனுப்புவோரையும் தொடும் என்பது அப்போது விளங்கிற்று.

அறியாமையை முதலாக்கும் வஞ்சகர்

இவ்விதிகளை நாம் அறிய வேண்டுவதற்கு மிக இன்றியமையாத காரணம் ஒன்று உண்டு. "உங்கள் பெயருக்கு வந்த பொதி சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் செலுத்தாவிடில் கைது செய்வோம்" என்று தொலைபேசியில் மிரட்டுவோர் பெருகியுள்ளனர். முகமறியா நண்பர் அனுப்பிய நகைப்பெட்டி என்று ஆசை காட்டுவோரும் உளர். முதியோரும் தனித்திருக்கும் பெண்டிரும் சேமிப்பை இழந்த செய்திகளை நாளேடுகளில் படிக்கிறோம். சுங்க அலுவலர் எவரும் தனிமனிதரின் வங்கிக் கணக்கில் வரி கேட்பதில்லை. 2019 நவம்பர் 8 முதல் சுங்கத்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இடம்பெறல் வேண்டும். அவ்வெண் மெய்யானதா என்பதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஐயம் தோன்றினால் பணம் அனுப்பாது 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். மாணவர்கள் இதனைத் தம் வீட்டுப் பெரியோர்க்கு இன்றே எடுத்துரைப்பார்களாக.

நிறைவாக

பொருளின் மதிப்பைக் குறைத்துக் காட்டுமாறு விற்பனையாளரை வேண்டுவது சிறு தந்திரமாகத் தோன்றலாம், அது பொய்யே. நாம் செலுத்தும் வரிக்கு இரசீது கேட்பது பெருந்தொல்லையாகத் தோன்றலாம். அது நம் உரிமையே. உண்மையை மறைக்காத குடிமக்களும், விதியை மறைக்காத அரசும் அமையுமாயின் சுங்கச்சாவடி அச்சம் தரும் இடமாக இராது. வாங்கும் முன் விலையை மட்டும் பாராது, கூலியையும் வரியையும் தடையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போம். வீட்டிலுள்ளோரையும் எண்ணிப் பார்க்கச் செய்வோம்.